இருபத்து நான்கு முறை மாட்டியவன்

எங்கள் வீட்டில் திருடத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம்தான். ஆனால் மூன்று வருடம் உட்கார்ந்து ஒரு திருடன் விளையாட்டை உண்டாக்கியவளுக்கு இது எவ்வளவு பெரிய தலைவலி என்று எனக்குத்தான் தெரியும்.

நான் நகராட்சியின் வரைபடப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எந்தத் தெருவுக்கு அடியில் எந்தக் குடிநீர்க் குழாய் போகிறது, எங்கே வளைகிறது, எங்கே வால்வு இருக்கிறது என்று வரைவதுதான் தொழில். பதினெட்டு வருடம் குழாயையே வரைந்தால் யாருக்கும் வேறு எதையாவது வரையலாமே என்று தோன்றும். எனக்கு அப்படித் தோன்றிக்கொண்டிருந்த ஒரு வாரத்தில், கரையான் அரிப்பதற்குள் பழைய பதிவேடுகளை வேறு அறைக்கு மாற்றச் சொன்னார்கள். மாற்றும்போது நூற்று முப்பது வருடத்துக்கு முந்தைய தெருவிளக்குப் புகார்ப் புத்தகம் ஒன்று கைக்கு வந்தது.

அப்போது தெருவில் எண்ணெய் விளக்கு. ஒரு ஆள் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து மாலையில் ஏற்றிவிட்டுப் போவான். அந்தப் புத்தகத்தில் ஏழு இடத்தில் ஒரே மாதிரிப் புகார்: இன்ன தெருவில் நான்கு விளக்கு அணைந்துவிட்டது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் யாரோ சிவப்பு மையில் குறித்திருந்தார்கள்: அதே தெருவில் அன்றைக்கே ஒரு கடிகாரக் கடையில் திருட்டு. ஏழாவது கடைக்குப் பிறகுதான் போலீஸுக்கு உறைத்திருக்கிறது. விளக்கை ஏற்றியவனே அதை அணைத்துவிட்டு, அதே ஏணியில் ஏறி மாடி ஜன்னல் வழியாக உள்ளே போயிருக்கிறான். ஏணியோடு போகிறவனை ஊரே பார்த்திருக்கிறது, ஒருவரும் சந்தேகப்படவில்லை. திருடன்தான், இருந்தாலும் எனக்கு அந்த ஆளை ரொம்பப் பிடித்துவிட்டது.

அவனை வைத்துத்தான் என் விளையாட்டு. பழைய நகரத்தை ஒரு பெரிய அட்டையில் வரைந்தேன். தெருக்கள் இன்றைக்கும் அதேதான், கடைகள்தான் மாறியிருக்கின்றன. ஒவ்வொரு தெருமுனைக்கும் ஒரு எண், மொத்தம் நூற்றுப் பத்து. ஒருவர் திருடன், மற்றவர்கள் போலீஸ். போலீஸ் பொம்மைகள் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி அட்டையில் நகரும். திருடனுக்குப் பொம்மை கிடையாது. அவன் ஒரு அட்டை மறைப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, தான் போகும் முனையின் எண்ணைத் துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டே போவான். போலீஸ் ஏதாவது ஒரு போலீஸ் பொம்மை நிற்கும் முனையையோ அதற்குப் பக்கத்து முனையையோ தொட்டு, இங்கே வந்தாயா என்று கேட்டால் உண்மையைச் சொல்லியாகவேண்டும். வந்திருந்தால் அங்கே ஒரு கண்ணாடி மணி விழும். மணிகளைப் பார்த்து, ஆள் இப்போது எங்கே இருப்பான் என்று மூளையைக் கசக்கிக்கொள்வது போலீஸின் பாடு. அவன் நிற்கும் எண்ணைச் சரியாகச் சொல்லி, பிடித்தேன் என்றால் திருடன் மாட்டினான். பதினைந்து நகர்வுக்குள் தன் மறைவிடத்துக்குப் போய்விட்டால் திருடன் ஜெயித்தான்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கும் விளையாடிப் பார்க்கும்வரை அப்படித்தான் இருந்தது.

விளையாட வீட்டு ஆட்கள் மூன்று பேர். என் கணவர் நகரப் பேருந்து ஓட்டுகிறார். பத்தொன்பது வருடமாக வண்டியில் ஒரு கீறல்கூட விழாமல் ஓட்டியதற்குக் கொடுத்த கேடயம் எங்கள் ஃப்ரிட்ஜின் மேல் நிற்கிறது. அவருடைய அக்கா, அதாவது என் நாத்தனார், மணிக்கூண்டுச் சந்திப்பில் போக்குவரத்துப் போலீஸ். விசிலம்மா என்றால்தான் ஊரில் அவரைத் தெரியும். விசிலம்மாவின் வீட்டுக்காரர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். அந்தக் காரில் அவர் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. காரை விட்டு இறங்கினாலும் அவர் கால் அந்த பிரேக்கை விட்டு இறங்குவதில்லை. நான் மட்டும் என்றைக்கும் நடராஜா சர்வீஸ். வண்டி ஓட்டத் தெரியாது, தெரியவேண்டிய அவசியமும் வந்ததில்லை. வீட்டிலிருந்து ஆபீஸ் பத்து நிமிட நடை.

மூன்று பேரும் மாற்றி மாற்றித் திருடனாக இருந்தார்கள். இருபத்து மூன்று ஆட்டம். இருபத்து மூன்றிலும் திருடன் மாட்டினான். விசிலம்மா மட்டும் பதினாறு முறை கையும் களவுமாகப் பிடித்தார். அவரே திருடனாக உட்கார்ந்தபோது அவருடைய வீட்டுக்காரர் பிடித்தார், அதை இன்றுவரை சொல்லிக்கொண்டும் இருக்கிறார். விளையாட்டை உண்டாக்கியவளே விளையாடினால் சோதனை சரியாக இருக்காது என்று நான் ஒருமுறைகூட உட்காரவில்லை. பக்கத்தில் நின்று பார்ப்பேன். ஆட்டம் முடிந்ததும் திருடனின் சீட்டை வாங்கி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பேன்.

தப்பு விதியில்தான் இருக்கிறது என்று நினைத்தேன். பதினைந்து நகர்வைப் பதினெட்டாக்கினேன். போலீஸ் பொம்மையில் ஒன்றைக் குறைத்தேன். திருடன் ஒரு விளக்கை அணைத்தால் அந்தத் தெருவில் கேள்வியே கேட்கக்கூடாது என்றேன். ஆற்றில் ஒரு படகுகூட வாங்கிக் கொடுத்தேன். படகுத்துறைக்குப் போகும் வழியிலேயே பிடித்துவிட்டார்கள். வெறுத்துப்போய் எல்லா விதியையும் பழையபடியே மாற்றிவைத்தேன்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். தப்பு விதியில் இல்லை என்றால் மூஞ்சியில்தான் இருக்கவேண்டும் என்று முடிவுகட்டி, நீங்கள் முழிக்கிற திருட்டு முழியே காட்டிக்கொடுத்துவிடுகிறது என்று கணவரைப் பார்த்துக் கத்தினேன். பாவம், அடுத்த ஆட்டத்துக்கு அவர் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கூலிங் கிளாஸோடு மாட்டினார்.

இப்போது யோசித்தால், எல்லாம் என் கண் முன்னாலேயே நடந்திருக்கிறது. கணவர் போலீஸாக இருக்கும்போது தன் பொம்மையைத் தெருவின் ஓரமாகவே தள்ளிக்கொண்டு போவார். முனை வந்தால் நிறுத்தி, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் திருப்புவார். விசிலம்மாவின் வீட்டுக்காரர் ஒவ்வொரு நகர்வுக்கும் முன்னால், கண்ணாடி பார்த்தாச்சு என்று வாய்க்குள் சொல்லிக்கொள்வார். நாங்கள் சிரிப்போம். தொழில் புத்தி என்று விட்டுவிட்டேன்.

இந்தச் சமயம் பார்த்துத்தான் விளையாட்டுக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. ஐந்து கம்பெனிக்கு எழுதியிருந்தேன், நான்கு பேர் மூச்சுக்கூட விடவில்லை. ஐந்தாவது கம்பெனி, ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் அதிகாரி உங்கள் வீட்டுக்கே வந்து ஆடிப்பார்ப்பார் என்று எழுதியிருந்தது. ஒரே ஒரு நிபந்தனை. திருடன் எப்போதும் தப்பினாலும் வேண்டாம், எப்போதும் மாட்டினாலும் வேண்டாம்.

எனக்கு ஆசை. வெட்கப்படாமல் சொல்கிறேன், அந்தப் பெட்டியின்மேல் என் பெயர் வரவேண்டும் என்று கொள்ளை ஆசை. நான் வரையும் குழாய்ப் படத்தின் மூலையில் தேதி இருக்கும், பொறியாளர் கையெழுத்து இருக்கும், என் பெயர் இருக்காது. வரைந்தது எல்லாம் மண்ணுக்கு அடியில் போய்விடுகிற வேலை. மண்ணுக்கு மேலே, நாலு பேர் சாப்பாட்டு மேஜைமேல் விரித்து வைத்துச் சண்டை போடுகிற மாதிரி ஒன்றையாவது செய்துவிட்டுப் போகவேண்டும் என்று கணவரிடம் ஒருநாள் சொல்லியிருந்தேன். அவர் சாப்பாட்டு மேஜையின் ஆடுகிற காலுக்கு அடியில் அட்டை மடித்து வைத்தார். அவர் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமையும் திருடன் மாட்டினால் எல்லாவற்றையும் கட்டிப் பரணில் போட்டுவிடுவது என்று முடிவு செய்துகொண்டேன்.

கம்பெனி அதிகாரி அம்மாள் சரியாக மூன்று மணிக்கு வந்தார். ஐம்பது வயது இருக்கும். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருந்தார். தேநீரை வாங்கிக்கொண்டார், பிஸ்கட்டை வேண்டாம் என்றார். விதிகளை ஒருமுறை கேட்டதும் பிடித்துக்கொண்டார். தானும் ஒரு போலீஸாக இருப்பதாகவும், ஆறு மணி ரயிலைப் பிடிக்கவேண்டும் என்றும் சொன்னார். என் கணவர் திருடன்.

நான் கணவரின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டேன். ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. எட்டாவது நகர்வில் அவர் நாற்பத்து ஏழாம் முனையில் இருந்தார். விசிலம்மா தெற்கே, மற்ற இருவரும் மேற்கே. கிழக்கே நாற்பத்து எட்டு காலியாகக் கிடந்தது. அதில் நுழைந்தால் ஆற்றங்கரைவரைக்கும் ஒரு ஈ காக்கை கிடையாது, கம்பி நீட்டிவிடலாம். எழுதுங்கள், எழுதுங்கள் என்று மனதுக்குள் அவரை முதுகில் கைவைத்துத் தள்ளினேன். பென்சில் நாற்பத்து எட்டின் பக்கம்கூடத் திரும்பவில்லை. நாற்பத்து ஆறு என்று எழுதினார். நேராக அக்காவின் வாயில் போய் விழுந்தார்.

“நாப்பத்தாறு. பிடிச்சேன்” என்றார் விசிலம்மா, தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு.

இருபத்து நான்காவது முறை. கம்பெனி அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் தொங்கவிட்டுக்கொண்டு, படம் மிகவும் அழகாக வரைந்திருப்பதாகச் சொன்னார். படத்தைப் புகழ ஆரம்பித்துவிட்டால் விளையாட்டு வேண்டாம் என்று அர்த்தம். அது தெரியாத அளவுக்கு நான் அசடு இல்லை. விருந்தாளி இருக்கிறார் என்பதையும் மறந்து கணவர்மேல் பாய்ந்தேன்.

“நாப்பத்தெட்டு காலியாதானே கெடந்துது? ஏங்க அங்க போகல?”

அவர் பேந்தப் பேந்த விழித்தார். “அங்க எப்படிம்மா போறது? அது ஒன்வே.”

பிறகு விசிலம்மா, ஏதோ மழை வந்தால் நனையும் என்று சொல்வதுபோல, “ஆமா, அந்தப் பக்கத்துலேர்ந்து உள்ள விடமாட்டோம். அதான் நான் அங்க காவலே போடல” என்றார். முனையில் பெரிதாகப் பலகை வைத்திருக்கிறதே என்று அவர் வீட்டுக்காரர் சேர்த்துக்கொண்டார்.

நான் அட்டையைப் பார்த்தேன். நான் எந்தப் பலகையையும் வரையவில்லை. நூற்று முப்பது வருடத்துக்கு முந்தைய தெரு அது. எண்ணெய் விளக்கு இருக்கிறது, ஏணி இருக்கிறது. இந்த ஊர் அதுவரை ஒரு மோட்டார் வண்டியைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. இன்றைக்கு அது ஒருவழிப் பாதை என்பது எனக்கே அப்போதுதான் தெரியும். தினமும் அந்தத் தெருவில் எதிர்ப்பக்கமாகத்தான் நடந்து ஆபீஸுக்குப் போகிறேன். அந்தப் பலகை எனக்கு அடுத்தவர் வீட்டுக் கடிதம் மாதிரி, நான் படித்ததே இல்லை.

ஓடிப்போய் பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து மேஜைமேல் கவிழ்த்தேன். நாத்தனாரிடம் ஒரு சிவப்புப் பென்சிலைக் கொடுத்து, இந்த ஊரில் எது எது ஒருவழி, எங்கே எங்கே திரும்பக்கூடாது என்று போடச் சொன்னேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். மடமடவென்று பதினேழு அம்புக்குறி போட்டார், ஐந்து இடத்தில் பெருக்கல் குறி போட்டார். பிறகு ஆளுக்குக் கொஞ்சம் சீட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு நகர்வாகச் சரிபார்த்தோம்.

இருபத்து மூன்று திருட்டு. ஒன்றில்கூட ஒரு விதிமீறல் இல்லை. பன்னிரண்டாவது ஆட்டத்தில் என் கணவர், ஒரே நகர்வில் போகவேண்டிய இடத்துக்கு மார்க்கெட்டைச் சுற்றி நான்கு நகர்வில் போயிருந்தார். பதினேழாவதில் விசிலம்மாவின் வீட்டுக்காரர், பள்ளிக்கூடத் தெரு வந்ததும் ஒரு நகர்வு சும்மா நின்றிருந்தார். ஏன் அண்ணா நின்றீர்கள் என்று கேட்டேன். பிள்ளைகள் ரோடு கடக்கும் இடமாயிற்றே என்றார். திருடிய கடிகாரங்களை மூட்டை கட்டிக்கொண்டு பிள்ளைகளுக்கு வழிவிட்டு நின்றிருக்கிறார் மனிதர்.

கம்பெனி அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இவ்வளவு நல்ல திருடர்களை இதுவரை எங்கேயும் பார்த்ததில்லை என்றார். எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். என் விளையாட்டில் ஓட்டை இல்லை. ஆடியவர்கள்தான் பத்தரை மாற்றுத் தங்கங்கள்.

ஆனால் அந்த அம்மாள் இலேசில் பிடி கொடுக்கிறவர் இல்லை. “காரணம் புரியுதுங்க. இருந்தாலும் ஆபீஸ்ல போய் நான் சொல்லணும்னா, திருடன் தப்பிச்சதை ஒரு தடவையாவது என் கண்ணால பாத்திருக்கணும்.” கடிகாரத்தைப் பார்த்தார். நாலரை. இன்னும் ஒரே ஒரு ஆட்டத்துக்கு நேரம் இருந்தது.

நீங்களே திருடனாக இருங்கள் என்றேன். இந்த மாதிரி ஆட்டம் ஆடுவதுதான் தன் தொழில் என்பதால் தான் தப்பித்தால் அது செல்லாது என்றார். நான் இருக்கிறேன் என்றேன். வரைந்தவர் தப்பித்தாலும் செல்லாது என்றார். பெட்டியை வாங்கிப்போய்ப் பிரிக்கப்போகிற சாதாரண ஆள் ஒருவர் வேண்டும். விசிலம்மாவின் வீட்டுக்காரர் உடனே கையை விரித்துவிட்டார். எதிர்ப்பக்கம் போய்விட்டு, நாளைக்குக் கற்றுக்கொள்ள வருகிறவர்களை எந்த மூஞ்சியோடு பார்ப்பது என்றார். விசிலம்மாவைக் கேட்கவே எனக்குத் தைரியம் வரவில்லை.

என் கணவர் அட்டை மறைப்பைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். “நானே இருக்கேன்.”

“உங்களால முடியாதுங்க” என்றேன். வாயிலிருந்து வந்துவிட்டது. அவர் பென்சிலைச் சீவினார்.

நான்காவது நகர்விலேயே விசிலம்மா மோப்பம் பிடித்துவிட்டார். அட்டையில் கண்ணாடி மணிகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்து, பத்தாவது நகர்வுக்கு என் கணவர் மணிக்கூண்டுக்குப் பின்னால் அறுபத்து மூன்றாம் முனையில் இருப்பது எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. அங்கிருந்து வெளியேற நான்கே வழி. அறுபத்து இரண்டில் விசிலம்மாவின் பொம்மை. எழுபதில் அவர் வீட்டுக்காரர். மிச்சம் இரண்டு: எழுபத்து ஒன்று, இல்லையென்றால் அறுபத்து நான்கு. காவலுக்கு மிச்சம் இருந்தது கம்பெனி அம்மாளின் பொம்மை ஒன்றுதான்.

“நான் அறுபத்திநாலுக்குப் போய் நிக்கட்டுமா?” என்று அந்த அம்மாள் கேட்டார்.

விசிலம்மா சிரித்தார். “வேண்டாங்க. அது என்னோட சந்திப்பு. அந்தத் தெருவுல எதிர்ப்பக்கமா என் தம்பி வரமாட்டான். விளையாட்டுக்குக்கூட வரமாட்டான். நீங்க எழுபத்தொண்ணுக்குப் போங்க.”

பொம்மை எழுபத்து ஒன்றில் போய் நின்றது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இந்த முறை கணவர் பின்னால் நிற்க என்னால் முடியவில்லை; ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் போய் அந்தக் கேடயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பத்தொன்பது வருடம், ஒரு கீறல் இல்லை. அதைத் தூக்கி ஜன்னல் வழியாக எறியலாம் போல இருந்தது. திரும்பிப் பார்த்தேன். அவர் நெற்றியில் வேர்வை. இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார், பிறகு எழுதினார். வெறும் எண்ணை மட்டும் எழுதுகிறவர் அவ்வளவு நேரம் எழுதமாட்டார்.

விசிலம்மா எழுபத்து ஒன்றைத் தொட்டுக் கேட்டார். இல்லை என்றார் என் கணவர். எழுபதைக் கேட்டார். இல்லை. விசிலம்மாவின் புருவம் மேலே போயிற்று. அடுத்த சுற்றில் எழுபத்து இரண்டு, எழுபத்து மூன்று என்று வரிசையாகக் கேட்டார். இல்லை, இல்லை. அறுபத்து நான்கை மட்டும் அவர் கேட்கவே இல்லை. பதினான்காவது நகர்வில் பொறுமை போய், “எழுபத்தஞ்சு, பிடிச்சேன்” என்றார்.

“இல்லக்கா” என்றார் தம்பி, மன்னிப்புக் கேட்கும் குரலில். பிறகு கடைசி எண்ணை எழுதி, மறைப்பை எடுத்துவிட்டுச் சீட்டைத் திருப்பி வைத்தார். தொண்ணூறு. ஆற்றங்கரை எண்ணெய்க் கிடங்கு. திருடனின் மறைவிடம்.

விசிலம்மா சீட்டைப் பிடுங்கி, விரலை ஒவ்வொரு எண்ணாக ஓட்டிக்கொண்டு வந்தார். அறுபத்து மூன்றுக்கு அடுத்ததில் விரல் நின்றது. தம்பியை நிமிர்ந்து பார்த்தார். அவர் அசடு வழிந்துகொண்டு மேஜைத் துணியைச் சரிசெய்தார். விசிலம்மா சீட்டை என்னிடம் நீட்டினார். அறுபத்து நான்கு என்ற எண்ணுக்குப் பக்கத்தில் பொடிப்பொடியாக எழுதியிருந்தது:

‘ஹாரன் அடித்தேன். ஹெட்லைட் போட்டேன். எதிரே வண்டி எதுவும் வரவில்லை. மெதுவாகத்தான் போனேன்.’

ஊர் விளக்கையெல்லாம் அணைத்தவன் ஹெட்லைட் போட்டுக்கொண்டு தப்பியிருக்கிறான். நான் சிரிக்கத்தான் ஆரம்பித்தேன், பாதியில் நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தேன். இந்த மனிதர் எனக்காக ஒருநாளும் பூங்கொத்து வாங்கி வந்ததில்லை, கவிதை எழுதியதில்லை. நானும் அதையெல்லாம் குத்திக்காட்டாத நாள் இல்லை. இனி எந்த வாயை வைத்துக்கொண்டு குத்திக்காட்டுவேன்?

கம்பெனி அம்மாள் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பையிலிருந்து நோட்டை எடுத்தார். பெட்டியின்மேல் பெயரை எப்படிப் போடவேண்டும் என்று கேட்டார். முழுப்பெயரையும் சொன்னேன்; பிழை வந்துவிடாமல் ஒவ்வொரு எழுத்தாக மறுபடியும் சொன்னேன். அட்டையை எடுத்துக்கொண்டார், மணிகளை எடுத்துக்கொண்டார், பிஸ்கட் டின்னைக்கூடக் கேட்டு வாங்கிக்கொண்டார். கடைசிச் சீட்டை மட்டும் நான் கொடுக்கவில்லை. அது இப்போது ஃப்ரிட்ஜின் மேல், கேடயத்தில் சாய்ந்து நிற்கிறது.

அவரை வழியனுப்பிவிட்டு உள்ளே வந்தால், விசிலம்மா அதே நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். தம்பியை எதிரே வந்து நிற்கச் சொன்னார். அவர் நின்றார்.

“லைசென்ஸ எடு” என்றார் விசிலம்மா.

என் கணவர் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தே விட்டார்.